ஒரே கண்ணாடிக்கு இரண்டு சட்டை

ஜனவரி 6, செவ்வாய்

சென்னையிலிருந்து பார்சல் வந்துவிட்டது. லென்ஸ் கடை ஹாரூன் பாய் சொன்ன சொல் தவறாத மனுஷர். இரண்டையும் அனுப்பியிருக்கிறார். ஒன்று பித்தளை உடம்பு, மற்றது அலுமினிய உடம்பு. உள்ளே இருக்கும் கண்ணாடி இரண்டுக்கும் ஒன்றேதான். ஒரே பிள்ளைக்கு இரண்டு சட்டை தைத்த மாதிரி. இரண்டிலும் கறுப்புப் பூச்சு வேறு பூசியிருக்கிறார்கள், கையில் தூக்கினால்தான் எது எதுவென்று தெரிகிறது. பித்தளையைத் தூக்கியதும் என் மணிக்கட்டு கீழே இறங்கிவிட்டது.

மாதக் கடைசிக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். "அக்கா, நல்லா புழங்கிப் பாருங்க. அண்ணன் கைக்கு எது ஒத்துக்குதோ அதை வச்சிக்கிங்க" என்றார் பாய் போனில். அண்ணன் கைக்கு. ரெமி ஸ்டூடியோவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் நிற்கிறவளுக்கும் இரண்டு கை உண்டு. குறையாகச் சொல்லவில்லை. எழுத வந்தது லென்ஸைப் பற்றி.

பழைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. தூத்துக்குடிக் காற்றில் எதுதான் தப்பும்? 26ஆம் தேதி எங்களுக்கு வேண்டப்பட்ட கஸ்பார் அண்ணன் மகள் ஜெசிந்தாவின் கல்யாணம். அவர்கள் ஊர்க் கோயில் கடலை ஒட்டியது, பழையது, பீடத்துப் பக்கம் பகலிலேயே இருட்டு. காலை ஆறு மணிப் பூசை. பங்குச்சாமி கறாரானவர்: பூசை முடியும்வரை பிளாஷ் கூடாது, பீடத்துக் கிராதித் தடுப்புக்கு உள்ளே ஒரே ஒரு போட்டோக்காரர்தான். அந்த இருட்டில் தாலி கட்டுவதை எடுக்க இப்படி அகல வாய் லென்ஸ் இல்லாமல் முடியாது. ஃபோகஸையும் கையால்தான் திருப்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் பித்தளையை எடுத்தார். கேமராவில் மாட்டினார். "இதுதான்" என்றார். அலுமினியத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 8, வியாழன்

கஸ்பார் அண்ணன் வந்திருந்தார். கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாயிற்றாம். வந்த காரியம் அதுவல்ல, தாலிப் படம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரன் தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தானாம்.

"எங்க வீட்ல எல்லாப் படமும் இருக்கு வே. மாமியா சாப்புடுத படம் இருக்கு. தாலி கட்டுன படம் மட்டும் கெடையாது. எம்பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லுவா, நீங்க கட்டுனதுக்குச் சாட்சி இல்லன்னு. அதான் உம்மகிட்ட வந்தேன். எம்மவளுக்கு அந்த ஒரு படம் தப்பக் கூடாது."

"தப்பாது" என்றார் இவர்.

காபி கொடுத்தேன். இவர் டம்ளரை எடுத்ததும் வேட்டியில் கொட்டிவிட்டது. டம்ளர் சூடு. நான்தான் விளிம்புவரை ஊற்றிவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர் வலது கையை மடியில் வைத்து அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 9, வெள்ளி

இனிமேல் காபி அரை டம்ளர்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பரீட்சை பார்த்தோம். சன்னலை எல்லாம் சாத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதா சுரூபத்தை வைத்து ஒற்றை மெழுகுவத்தி கொளுத்தினேன். கோயில் வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

அவர் முதலில் அலுமினியம், பிறகு பித்தளை. பித்தளையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது நன்றாகவே நின்றார். கனம் கையை அமர்த்துகிறது. மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன். பிறகு சும்மா இருக்கட்டுமே என்று அலுமினியத்தை என் கேமராவில் மாட்டி நானும் இரண்டு எடுத்தேன். லேசாக இருந்தது. ஃபோகஸ் வளையம் என் விரலுக்கென்றே செய்த மாதிரி திரும்பியது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அவர் அலுமினியத்தில் எடுத்ததில் சுடர் இரண்டாகத் தெரிகிறது. பித்தளையில் முதல் ஒன்றிரண்டு பரவாயில்லை. கை ஓய ஓய அதுவும் போய்விட்டது. கடைசிப் படங்களில் மாதா முகம் எது, முக்காடு எது என்று தெரியவில்லை.

"எப்படிட்டி இருக்கு?" என்று நாற்காலியிலிருந்தபடியே கேட்டார்.

"பித்தளைல நல்லா வந்திருக்கு" என்றேன். வந்து குனிந்து பார்த்தார். நான் எடுத்த படத்தைத் திறந்து வைத்திருந்தேன். மாதாவின் கண்ணிமைகூட எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது.

"இது நான் எடுத்ததா?"

"பின்ன யாரு எடுத்தா?"

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்பப் பித்தளைதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மனுஷன் சரியாகத் தூங்கி எவ்வளவு நாளாகிறது. ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

காலையிலேயே சண்டை. அலுமினியத்தை வைத்துக்கொள்ளலாமே, பூசை முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டுமே என்று பட்டும் படாமலும்தான் சொன்னேன்.

"உப்புக்காத்து அலுமினியத்தத் தின்னுரும். பித்தளை பச்சை புடிக்கும், சாவாது. இத நான் சொல்லியா ஒனக்குத் தெரியணும்?"

"கனமா இருக்கேன்னு சொன்னேன்."

"யாருக்குக் கனம்? ஒனக்கா, எனக்கா?"

உலோகத்தைப் பற்றி இவ்வளவு சத்தமாக எந்த வீட்டிலும் பேசியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் மெதுவாக, நரம்பு டாக்டர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறாராம், சும்மா ஒரு நடை போய் வரலாமா என்று ஆரம்பித்தேன். "லென்ஸப் பத்தித்தான் பேசுதோம். டாக்டர் எங்கன வந்தாரு?" என்று எழுந்து போய்விட்டார். கப்பலில் இருக்கும் மகன் போன் செய்தபோது இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினோம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து கரும்பு வந்தது. அவர் சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார். தாடி நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

கஸ்பார் அண்ணன் ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தோம். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டார்கள். பங்குச்சாமியிடம் கேட்டு, காலைப் பூசையின்போது வெளிச்சம் பார்த்துக்கொண்டோம். இவர் கிராதிக்கு உள்ளே தூணோரம் பித்தளையுடன். நான் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம்.

பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. இவர் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். நற்கருணை நேரத்தில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அதை நான் பார்த்தேன். கனம் கொஞ்ச நேரத்துக்குத்தான் துணை. அப்புறம் அதுவே பகை. எனக்கு ஜெபம் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்க வருவார், இன்றைக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று திகிலடைந்து போயிருந்தேன். வரவில்லை. "நீ பாத்தாப் போதும்" என்றார். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன். படங்களை நான் ஒருத்தியாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறாது.

ஜனவரி 21, புதன்

விடிகாலை எழுந்து அலுமினியத்தை மாட்டிக்கொண்டு, பால் பொங்குவதை எடுத்தேன். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவதை எடுத்தேன். தெருமுனை நாய் கொட்டாவி விட்டதையும் விடவில்லை. நகருகிற ஆளின் கண்ணில் ஃபோகஸைக் கொண்டுபோய் நிறுத்துவது பழகப் பழக வருகிறது. இன்று ஒன்றும் தப்பவில்லை. பெருமையாக இருந்தது. வயசு நாற்பத்தேழு ஆகிறது, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அடுக்களையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

சும்மாதான். லென்ஸைத் திருப்பி அனுப்பும் முன் புழங்கிப் பார்க்க வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நாயை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் எழுந்தேன். அந்த மெழுகுவத்திப் படம் உங்களுடையது இல்லை, என்னுடையது, திங்கட்கிழமை கிராதிக்கு உள்ளே நான் நிற்கிறேன், நீங்கள் வெளியே நில்லுங்கள். நாலே வாக்கியம். ஜெபமாலை சொல்வதுபோல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தோசை வார்த்தேன்.

தட்டை வைத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"செலஸ்தி, அந்த மெழுகுவத்திப் படத்தப் பெருசாப் போட்டு ஸ்டூடியோல மாட்டலாமா? பித்தளைல எடுத்தோமே, அது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மாட்டலாமே" என்றேன்.

"நல்லாத்தான் எடுத்திருக்கேன், என்னட்டி?"

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க."

தலையை ஆட்டிவிட்டுத் தோசையைப் பிய்க்க ஆரம்பித்தார். சட்னி மேசையெல்லாம் சிந்தியது. துடைத்தேன். இத்தனை ஆசையாகக் கேட்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணின் படம் என்னாவது? பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு இப்போது அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏற்றியாயிற்று. அவர் கேமராவில் பித்தளை, என்னுடையதில் அலுமினியம்.

ஜனவரி 26, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருட்டோடு கிளம்பி ஐந்தரைக்குக் கோயில் போய்ச் சேர்ந்தோம். ஜெசிந்தா வெள்ளைப் பட்டுச் சேலையில் வந்தாள். வாசலில் பிளாஷ் போட்டு எடுத்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. உள்ளே போனதும் பங்குச்சாமி எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இவர் கிராதிக்கு உள்ளே போனார். நான் பெண்கள் பக்கம், முதல் வரிசைத் தூண் அருகில்.

பிரசங்கம் முடிந்து சம்மதம் கேட்டார்கள். தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார் சாமி. முடிச்சுப் போட வந்த மாப்பிள்ளையின் அக்கா சரியாக எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் முதுகும் மல்லிகைப் பூவும்தான் எனக்குத் தெரிந்தது. எதிரே இவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். கேமராவைத் தூக்கினார். பித்தளையின் முன் கண்ணாடி மேலும் கீழுமாக ஆடியது. இடது கையால் பிடித்தார். அப்போதும் ஆடியது. பாடற்குழு பாட ஆரம்பித்துவிட்டது.

செருப்பில்லாத காலுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததென்று தெரியவில்லை. கிராதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பங்குச்சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். இவர் என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். அவர் நின்ற இடம் காலி. அங்கே போய் நின்றேன். தாலி கழுத்தில் ஏறுகிறது, அந்தப் பெண் கண்ணை மூடித் திறக்கிறாள், திறந்த கண்ணில் ஃபோகஸ். எடுத்தேன். மறுபடி எடுத்தேன். முடிந்துவிட்டது. கைதட்டினார்கள்.

பூசை முடிந்ததும் பங்குச்சாமி, "ஒருத்தர்னு சொன்னா ஒங்களுக்குப் புரியாதா?" என்றார். இவர்தான் குறுக்கே வந்து, "தப்பு என்னோடது சாமி" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டார்.

"மொதல்ல என்னோடதக் காட்டு."

"பொறவு பாப்போமே. களைப்பா இருக்கீங்க."

"காட்டுட்டி."

காட்டினேன். பூசைக்குள் எடுத்த ஒவ்வொன்றையும் பார்த்தார். எதையும் தாண்டவிடவில்லை. மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு, சாமிக்கு நாலு கை. ஒரு படத்தில் வெறும் மஞ்சள் கோடுகள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கடைசிப் படம் முடிந்ததும், "ஒன்னோடது" என்றார்.

தாலி, விரல்கள், திறந்த கண். சன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருந்தது.

"அந்த மெழுகுவத்திப் படமும் நீ எடுத்ததுதான?"

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே. நான் நின்னு எடுத்தா மேசைப் பலகை முழுசும் தெரியும். அந்தப் படத்துல மேசையோட விளிம்புதான் தெரியுது. நீ என் தோளுக்குத்தான வருவ. யாரு உசரத்துல இருந்து எடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் பித்தளைன்னு நின்னீங்க? இன்னைக்கு ஏன் உள்ள போனீங்க?"

"நீ எடுத்திருவேன்னு எனக்குத் தெரியும். சொல்லுவியான்னுதான் பாத்தேன்."

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பேச்சில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டார்.

அழுது தீர்த்துவிட்டேன், இப்போது கோபம் வருகிறது. நான் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இவர் செய்ததற்கு என்ன பெயர்? தெரிந்துகொண்டே, படத்தை மாட்டலாமா என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். ஒரு பெண்ணின் தாலிப் படத்தை வைத்தா பெண்டாட்டிக்குப் பரீட்சை நடத்துவது? நான் ஓரடி பிந்தியிருந்தால்? அந்த அக்கா அங்கேயும் என் குறுக்கே வந்திருந்தால்?

இரண்டு லென்ஸும் மேசையில் கிடக்கின்றன. யாரும் தொடவில்லை.

ஜனவரி 28, புதன்

ஹாரூன் பாய் போன் செய்தார். நாளை சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

கஸ்பார் அண்ணன் படம் பார்க்க வந்தார். பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், சாட்சிக்கு என்று சொல்லிக்கொண்டு. நான் கம்ப்யூட்டரில் தாலிப் படத்தைத் திறந்தேன். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார்கள். அண்ணன் இவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"உம்ம கை உம்ம கைதான் வே. ஊர்ல இம்புட்டுப் பேரு கேமரா வச்சிருக்கான், எவனுக்கு வரும் இது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நாள் கோபம் முதுகுத்தண்டில் நின்றது. நான் சொல்லுவேனா என்று பார்த்தீர்களே, இப்போது உங்கள் முறை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும், சொல்லாவிட்டால்? இனி எத்தனை கல்யாணத்துக்கு இந்த வேஷம்?

"என் கை இல்லண்ணே" என்று குரல் கேட்டது. "என் கை இது."

திரும்பினேன். மடியிலிருந்த வலது கையை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டியிருந்தார். விரல் விரித்து, தாங்கல் இல்லாமல். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான்கூட அதை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"படம் இவ எடுத்தது. நான் எடுத்தது ஒன்னும் தேறல. ஒம்ம மவ படத்த நான் கெடுத்திருப்பேன். இவதான் உள்ள வந்து எடுத்தா."

அந்த அம்மாதான் முதலில் கேட்டார்கள், "எம்புட்டு நாளா இப்படி?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

எனக்குத் தீபாவளியிலிருந்துதான் தெரியும். அதற்குமுன் பத்து மாதம் இவர் எப்படி மறைத்தார் என்று நினைக்கும்போது என் பொய் மிகச் சின்னதாகப் போய்விட்டது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் தனக்குத் தெரிந்த டாக்டர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். நான் சொன்ன அதே டாக்டர்தான். நான் சொன்னால் ஏறாது. பரவாயில்லை, திங்கட்கிழமை போவதாக ஒப்புக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு கேட்டேன்.

"ஒரு வருசமா? எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா கேமராவ நீ வாங்கிருவ."

இல்லைங்க, அப்படியெல்லாம் செய்வேனா என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாளும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த டைரியிலும்.

"வாங்கியிருப்பேன்" என்றேன். "பார்சலப் பிரிச்ச அன்னைக்கே எனக்கு அந்த அலுமினியம் வேணும்னு இருந்தது."

அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. எனக்கும் சுகமாக இல்லை. எழுந்துபோய்ப் பித்தளை லென்ஸை அதன் பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பாய்க்குத் திருப்பி அனுப்ப நான் டேப் ஒட்டினேன். பெட்டி நகராமல் அவர் பிடித்துக்கொண்டார். பெட்டியும் சேர்ந்து ஆடியது. கையை எடுங்கள், நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. டேப் கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது.